லேசர் ஒளியும் பாலாற்று நீரும்

லேசர் தோற்கைத்தொழிலைத் தூயதாக்கிவிட்டது என்னும் கூற்று இன்று பெருமிதத்தோடு சொல்லப்படுகின்றது. சாயம் இல்லை, நீர் இல்லை. கணினியில் வரைந்த கோலம் நொடியில் தோலிற் பதிகின்றது. ஆகவே இதனை வாவிக்கரைக் கிராமங்களுக்கும் கொண்டுவரலாம் என வாதிடுவோர், தோலை அதன் மேற்பரப்பளவிலேயே அறிந்தவராவர்.

அம்மேற்பரப்பில் நிகழ்வதுதான் யாது? 10.6 மைக்ரோமீற்றர் அலைநீளமுடைய காபனீரொட்சைட்டு லேசர்க் கதிரைத் தோலின் கொலாஜன் நாரும் அதிலுள்ள ஈரமும் உறிஞ்சுகின்றன. கதிர் பட்ட இடம் ஆவியாகின்றது, விளிம்பு கருகுகின்றது. மேற்பூச்சு நீங்கிய இடத்தில் நீர் ஊறும் தன்மை மாறுகின்றது. ஆழம் மிஞ்சினால் வலிமையும் குன்றுகின்றது. புகை இல்லை என்போர், புகையுறிஞ்சியை நிறுத்திவிட்டு அவ்வியந்திரத்தின் அருகிற் சற்றுநேரம் நின்று பார்க்கலாம். குரோமியத்தாற் பதனிட்ட தோலில், வெப்பம் மூவலுவளவுக் குரோமியத்தை நச்சு மிகுந்த அறுவலுவளவுக் குரோமியமாக மாற்றவும் கூடும். சருமத்திற் படும் தோற்பொருள்களில் அது கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்தமை வீண் அச்சத்தினாலன்று.

எனினும் இவை சிறிய குறைகளே. லேசரின் முன் வரும் தோல் ஏலவே பதனிடப்பட்டது. உப்பும் சுண்ணாம்பும் சல்பைட்டும் குரோமியமும் அதற்கு முன்னரே தம் வேலையை முடித்து நீரிற் கலந்துவிட்டன. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாறு அடைந்த கதி இதற்குச் சான்று. 1996 ஓகஸ்ட் 28 இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அத்தோற்பதனிடு வலயத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டெயர் விளைநிலம் முற்றாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாது போனதைக் குறிப்பிட்டது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே மாசு குறித்துத் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் சென்னையில் இயங்கிவரும் நாட்டின் கதை இது! அறிவு இல்லாமற் கெட்டதன்று அவ்வாறு.

மட்டக்களப்பு வாவியின் நிலையோ இன்னும் இக்கட்டானது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட அவ்வாவி கடலைச் சேரும் வாயில்கள் இரண்டே. ஒன்று மட்டக்களப்பு நகரை அடுத்துள்ளது, மற்றது பெரியகல்லாற்றில். கோடையில் மணல் வாயை அடைத்துவிட்டால் உள்ளே விழுந்தது உள்ளேயே தங்கும். இறாலும் நண்டும் வளர்வது அந்நீரிலேதான்.

பதனிட்ட தோலை வெளியிலிருந்து தருவித்துக் கோலம் மட்டுமே இங்கு வரைவோம் என்பாராயின், அது தூய்மையன்று. அழுக்கை வேறொருவர் ஆற்றங்கரையில் விட்டுவந்த சாமர்த்தியம். அத்தகையோர் பெரியகல்லாற்று மக்களிடம் முதலிற் காட்டவேண்டியது கோலங்களின் மாதிரியை அன்று. அத்தோல் எங்கே பதனிடப்பட்டது, அதன் கழிவு எந்த நீரிற் சென்றது என்னும் கணக்கையே.