காஞ்சிப் பட்டும் கைப்பேசிக் கடைவீதியும்

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். ஆனால் கைப்பேசியைத் திறந்தால் விசைத்தறியில் ஓடிய போலிச் சேலையும் 'காஞ்சிப் பட்டு' என்றே கூவி விற்கப்படுகிறது. கூவுகிறவனுக்கு இலாபம், குனிந்து நெய்கிறவனுக்கு?

நெசவுத் தோழர்களே, அந்த வீதிக்கு நாமும் போயாக வேண்டும். எல்லா வாசலிலும் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. மூன்று நாடா, இரண்டு ஆள், உடலும் கரையும் பின்னிப் பிணையும் கோர்வை வேலை - அதை யூடியூபில் முழுதாகக் காட்டுவோம். போலி விற்பவன் எதைக் காட்டுவான்? கல்யாணப் பெண்கள் வண்ணம் தேடுவது இன்ஸ்டாகிராமில்; விலை பேசி முடிக்க வாட்ஸ்அப் போதும். முகநூலா? ஆள் இருந்தால் பார்க்கலாம்.

இந்த மூன்றுக்கும் முதலாளி ஒன்றே, மெட்டா! 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அதை மட்டுமே நம்பிக் கடை விரித்தவர்களின் கதி என்னவாயிற்று? தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. வாங்குவோர் பெயரும் எண்ணும் நம் கணக்குப் புத்தகத்திலும் ஏறட்டும்.

தனித் தறிக்காரர் இத்தனையும் செய்ய நேரமேது? கூட்டுறவுச் சங்கங்கள் எதற்கு இருக்கின்றன? படமெடுக்கத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருவரைச் சங்கமே சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். நெய்தவர் சம்மதித்தால், சேலைப் படத்தின் கீழே அவர் பெயரும் வரட்டும்!