ஜெயிக்க வைத்த டான்ஸ்... கொந்தளிக்க வைத்த டான்ஸ்! இந்தோனேசியாவில் 'பிம்பம்' எப்படி வேலை செய்கிறது?

ஒரு டான்ஸ், ஒருவர் அதிபராக உதவியது. ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு டான்ஸ், அதே நாட்டின் நாடாளுமன்ற வாசலில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டும் நடந்தது இந்தோனேசியாவில்.

முதல் டான்ஸ் 2024 பிப்ரவரி தேர்தலுக்கு முன். 72 வயது பிரபோவோ சுபியாந்தோ மேடைக்கு மேடை கைகளை ஆட்டி ஆடினார். டிக்டாக்கில் அது தீயாய்ப் பரவியது. "எவ்வளவு க்யூட்டா இருக்கார் பாருங்க"னு இளைஞர்கள் ரசித்தார்கள். 58 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளோடு முதல் சுற்றிலேயே ஜெயித்தார்.

இரண்டாவது டான்ஸ் 2025 ஆகஸ்ட் 15. நாடாளுமன்றக் கூட்டம் முடிந்ததும் இசைக்குழு வாசிக்க, எம்பிக்கள் சிலர் எழுந்து ஆடினார்கள். அவர்களுக்கு மாதம் 5 கோடி ரூபியா வீட்டு வாடகைப் படி தரப்படும் செய்தியும் அதே நாட்களில்தான் பரவிக்கொண்டிருந்தது. நம்ம கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். தலைநகர் ஜகார்த்தாவில் 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளமே சுமார் 54 லட்சம் ரூபியாவாகத்தான் இருந்தது. வாடகைப் படி மட்டும் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல்!

அவர்கள் பணம் கிடைத்த சந்தோஷத்தில் ஆடவில்லை, பாட்டுக்குத்தான் ஆடினார்கள். ஆனால் வீடியோ பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. ஒருவரை 'நம்ம வீட்டுத் தாத்தா' ஆக்கிய அதே டான்ஸ், இன்னொரு கூட்டத்தை 'நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்கள்' ஆக்கியது எப்படி?

ஜெனரல் எப்படி 'கெமோய்' ஆனார்?

பிரபோவோ சாதாரண ஆள் இல்லை. 32 ஆண்டுகள் நாட்டை இரும்புக் கையால் ஆண்ட சுஹார்த்தோவின் முன்னாள் மருமகன். சிறப்புப் படையின் தளபதியாக இருந்தவர். 1998இல் ஜனநாயக ஆர்வலர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். கடத்தப்பட்டவர்களில் 13 பேர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. தன் மீதான குற்றச்சாட்டுகளை பிரபோவோ மறுத்து வருகிறார். நீதிமன்றத்தில் அவர் மீது விசாரணை நடந்ததும் இல்லை.

2014 தேர்தலில் அவர் கட்டிய பிம்பமே வேறு. ஜகார்த்தாவின் பிரம்மாண்ட ஸ்டேடியத்தில், இடுப்பில் பாரம்பரிய 'கிரிஸ்' குத்துவாளோடு குதிரையில் வலம் வந்தார். எதிரே நின்றவர் ஜோகோ விடோடோ. சுருக்கமாக ஜோகோவி. சோலோ நகரத்தில் மர ஃபர்னிச்சர் வியாபாரம் செய்தவர். சொல்லாமல் கொள்ளாமல் சந்தைக்குள் நுழைந்து கடைக்காரர்களிடம் பேசுவதுதான் இவர் ஸ்டைல். அதற்கு 'புளுசுகான்' என்று பெயரே வந்துவிட்டது. குதிரை தோற்றது, சந்தை ஜெயித்தது. 2019இல் பிரபோவோ மேசையைத் தட்டி ஆவேசமாகப் பேசிப் பார்த்தார். அப்போதும் தோல்விதான்.

மூன்றாவது முயற்சியில் குதிரையும் இல்லை, ஆவேசமும் இல்லை. கன்னம் உப்பிய கார்ட்டூன் பிரபோவோ, பாபி என்ற அவருடைய பூனை, அந்த டான்ஸ். இதற்கெல்லாம் சேர்த்து இளைஞர்கள் வைத்த பெயர் 'கெமோய்'. நம்ம ஊரில் கொழுகொழு குழந்தையைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளத் தோன்றுமே, அந்த மாதிரி ஒரு சொல். வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 40 வயதுக்குட்பட்டவர்கள். 1998இல் பலர் பிறக்கவே இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரபோவோவோடு துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் ஜோகோவியின் மூத்த மகன் ஜிப்ரான். வயது 36. சட்டப்படி 40 ஆகியிருக்க வேண்டும். அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியைத் தளர்த்தியது. அப்போது அதன் தலைமை நீதிபதி ஜோகோவியின் மைத்துனர்! பிறகு நெறிமுறை மீறல் என்று அவர் தலைமைப் பதவியை இழந்தார். தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. ஆகவே டான்ஸ் மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

அதிகாரம் என்றால் என்ன? ஜாவா சொல்லும் பதில்

இந்தோனேசிய மக்கள்தொகையில் பாதிக்கு மேல் ஜாவா தீவில் வாழ்கிறார்கள். அரசியலின் மொழியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 1972இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஜாவாவின் பழைய சிந்தனையில் அதிகாரம் என்பது மக்கள் தருவதோ சட்டம் தருவதோ அல்ல; அது மின்சாரம் மாதிரி ஒரு சக்தி, ஒரு மனிதரிடம் வந்து சேர்ந்து தங்கும் என்பது அவர் வாதம். சக்தி உள்ளவர் கத்த மாட்டார், அலட்டிக்கொள்ள மாட்டார். எவ்வளவு அமைதியோ அவ்வளவு பலம். எப்போதும் புன்னகை மாறாத சுஹார்த்தோவை இந்தக் கண்ணாடியில் பார்த்தால் பொருந்திப் போகும். (ஆண்டர்சனை சுஹார்த்தோ அரசு நாட்டுக்குள் விடாமல் தடுத்தது தனிக்கதை. 1965இல் நடந்தது பற்றிய இன்னொரு ஆய்வுதான் அதற்குக் காரணம்.)

இந்தக் கணக்குப்படி ஆடிப்பாடும் தலைவர் எடுபடவே கூடாது. பிறகு எப்படி எடுபட்டார்? ஜாவாவின் தோல்பாவை நிழற்கூத்தில் நமக்குத் தெரிந்த அர்ஜுனனும் பீமனும் வருவார்கள். நமக்குத் தெரியாத ஒருவரும் வருவார். பெயர் செமார். தொப்பை வைத்த கோமாளி, எடுபிடி வேலைக்காரர். ஆனால் உண்மையில் அவர் ஒரு தெய்வம்! 1966இல் சுஹார்த்தோ கைக்கு அதிகாரத்தைக் கொண்டுவந்த உத்தரவுக் கடிதத்துக்கே 'சூப்பர்செமார்' என்றுதான் பெயர். கெமோய் தாத்தாவைப் பார்த்துச் சிரித்த இளைஞர்கள் செமாரை நினைத்தார்களா என்றால், இருக்காது. ஆனால் 'சிரிக்க வைக்கும் பெரியவர் நம்ம பக்கம்தான்' என்ற நம்பிக்கை அந்த மண்ணுக்குப் புதிதல்ல என்றே தோன்றுகிறது.

அந்த நம்பிக்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவர் நம்ம பக்கம் நிற்க வேண்டும்.

தண்ணீர்ப் பெட்டிகளும் பச்சை ஜாக்கெட்டும்

மத்திய ஜாவாவில் பாதி என்று ஒரு மாவட்டம். 2025இல் அதன் நிர்வாகத் தலைவர் நிலம், கட்டட வரியை 250 சதவீதம் வரை உயர்த்தினார். எதிர்ப்பு கிளம்பியதும், 50 ஆயிரம் பேர் வந்தாலும் பின்வாங்க மாட்டேன் என்கிற மாதிரி பேசிவிட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போராட்டத்துக்கு முன்பே அவர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாகத் தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். பெட்டி பெட்டியாக நன்கொடை குவிந்தது. ஆகஸ்ட் 13 அன்று பல்லாயிரம் பேர் திரண்டார்கள். வரி உயர்வு அதற்குள்ளேயே ரத்து, ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

இப்படிக் கூடிச் செய்வதற்கு அங்கே 'கோத்தோங் ரோயோங்' என்று பெயர். வீடு கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, கல்யாணம், சாவு எதுவானாலும் தெருவே வந்து நிற்கும். 1945 ஜூன் 1 அன்று சுகர்ணோ, நாட்டின் ஐந்து கொள்கைகளையும் ஒரே சொல்லில் சொல்வதானால் அது இதுதான் என்றார். சுஹார்த்தோ காலத்தில் இதே சொல் கிராம மக்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கவும் பயன்பட்டது. தெருவாரியான அக்கம்பக்க அமைப்பே ஜப்பான் ஆக்கிரமிப்புக் காலத்தில் கண்காணிப்புக்காக வந்ததுதான். அரசு கட்டிய அதே வலையை, ஜனங்கள் தங்கள் தேவைக்கும் திருப்பிக்கொள்கிறார்கள்.

அதன் இன்றைய நகர வடிவம், பச்சை ஜாக்கெட் போட்ட 'ஓஜோல்' பைக் டாக்சி ஓட்டுநர்கள். கம்பெனிக் கணக்கில் இவர்கள் 'பார்ட்னர்கள்', ஊழியர்கள் அல்ல. அதனால் நிரந்தரச் சம்பளம் கிடையாது. ஆபத்துக்கு உதவுவது தெருமுனை டீக்கடையில் கூடும் சக ஓட்டுநர்களும் வாட்ஸ்அப் குரூப்பும்தான். ஒருவர் விபத்தில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் நாலு பச்சை ஜாக்கெட் வந்து நிற்கும்.

ஆகஸ்ட் 28 இரவு ஜகார்த்தாவில் போராட்டக்காரர்களை விரட்டிய போலீஸ் கவச வாகனம் ஒன்று, 21 வயது ஓஜோல் ஓட்டுநர் மீது ஏறியது. அவர் இறந்துபோனார். அந்த வீடியோவை நாடே பார்த்தது. மறுநாள் இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான பைக்குகள். அதுவரை எம்பிக்களின் படிக்கு எதிராக இருந்த போராட்டம் அதன் பிறகு நகரம் நகரமாகப் பரவியது. போலீஸ் முன் தனியாக நின்ற, இளஞ்சிவப்பு முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படம் இன்னொரு பக்கம். லட்சக்கணக்கானோரின் புரொஃபைல் படங்கள் இளஞ்சிவப்பும் பச்சையுமாக மாறின. மலேசியா, சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஆப் வழியாகச் சாப்பாடு ஆர்டர் செய்து, "டெலிவரி வேண்டாம், நீங்களே சாப்பிடுங்க"னு ஜகார்த்தா ஓட்டுநர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அதிபர் அந்தக் குடும்பத்தை நேரில் போய்ப் பார்த்தார். ஆகஸ்ட் 31 அன்று எம்பிக்களின் சலுகைகள் குறைக்கப்படும் என்றும் அறிவித்தார். ஆனால் 'நம்ம தாத்தா' பிம்பம் இந்த முறை கைகொடுக்கவில்லை. 'நம்ம ஆள்' என்ற இடத்தில் அந்த நேரம் உட்கார்ந்திருந்தது பச்சை ஜாக்கெட்.

இதே ஒற்றுமைக்கு இன்னொரு முகம்

இதை வெறும் மக்கள் எழுச்சிக் கதையாகச் சொல்லி முடித்துவிட முடியாது. அந்த நாட்களில் குறைந்தது 10 பேர் இறந்தார்கள். மக்காஸர் நகரில் உள்ளூர் மன்றக் கட்டடம் கொளுத்தப்பட்டது. உள்ளே சிக்கிய 3 பேர் உயிரிழந்தார்கள். அதே நகரில், உளவுப் போலீஸ் என்று சந்தேகித்து ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றது. அவரும் ஓர் ஓஜோல் ஓட்டுநர்தான். நிதியமைச்சராக இருந்த ஸ்ரீ முல்யானியின் வீடு சூறையாடப்பட்டது. 'நம்ம ஆட்கள்' யார் என்று கூட்டம் முடிவு செய்யும் வேகமும், 'நம்ம ஆள் இல்லை' என்று முடிவு செய்யும் வேகமும் ஒன்றேதான்.

மறுபக்கம் 3,000க்கும் மேற்பட்டோரைப் போலீஸ் பிடித்தது. 17 உடனடிக் கோரிக்கைகள், 8 நீண்டகாலக் கோரிக்கைகள் என்று '17+8' பட்டியல் நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்டது. வாடகைப் படி நின்றது. போலீஸ் சீர்திருத்தம், ராணுவம் முகாமுக்குத் திரும்புவது போன்ற பெரிய கோரிக்கைகள் அவ்வளவு எளிதாக நகரக்கூடியவை அல்ல.

லாரிக்குப் பின்னால் யார் படம்?

இந்தோனேசிய லாரிகளின் பின்புறம் பல வருடங்களாக ஒரு ஸ்டிக்கரைப் பார்க்கலாம். கையசைத்துச் சிரிக்கும் சுஹார்த்தோ, "என்னப்பா, என் காலம்தானே நல்லா இருந்துச்சு?" என்று ஜாவா மொழியில் கேட்பார். 2025 ஜூலை கடைசியில் அதே லாரிகளில் வேறொன்று பறக்க ஆரம்பித்தது. 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் கடற்கொள்ளையர் கொடி. வைக்கோல் தொப்பி போட்ட மண்டை ஓடு. நாட்டின் 80வது சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரங்கள் அவை. தேசத்தைப் பிளக்கும் முயற்சி என்று தலைவர்கள் சிலர் சீறினார்கள், சில இடங்களில் சுவரோவியங்கள் அழிக்கப்பட்டன. சீறச் சீறக் கொடி அதிகமானதுதான் மிச்சம். செப்டம்பரில் அது நேபாளப் போராட்டம்வரை போனது.

நவம்பர் 10 அன்று பிரபோவோ அரசு சுஹார்த்தோவுக்கு 'தேசிய வீரர்' பட்டம் கொடுத்தது. அதே மேடையில் அதே பட்டம் பெற்ற இன்னொருவர் மார்சினா. சுஹார்த்தோ ஆட்சியில், 1993இல், சம்பள உயர்வுக்காகப் போராடிக் கொல்லப்பட்ட கைக்கடிகாரத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி. இரண்டு பேரையும் ஒரே வரிசையில் வைத்தால் யாருக்கு யார் மன்னிப்பு கொடுத்ததாக அர்த்தம்?

அரசு அதற்குப் பதில் சொல்லவில்லை. ஜகார்த்தா அதிபர் மாளிகைக்கு எதிரே, காணாமல் போனவர்கள், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் 2007 ஜனவரியிலிருந்து வியாழக்கிழமைதோறும் கறுப்புக் குடையோடு பேசாமல் நிற்கிறார்கள். மாளிகைக்குள் அதிபர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.