ஊதுகிறவரின் பல்லைப் பிடுங்குமுன்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். டிரம்பெட், டிராம்போன், யூபோனியம் ஊதுகிறவர்கள் நம் வட்டத்திலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பேண்டு செட்டுக்குப் போகிற தம்பியோ மாமாவோ இருந்தால் அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஊதும்போது பல் வலித்தால் பொறுத்துக்கொண்டு ஊதக் கூடாது. அவசரப்பட்டு அந்தப் பல்லைப் பிடுங்கவும் கூடாது. நம் ஊரில் இந்த இரண்டும்தான் மாறி மாறி நடக்கிறது. முதலில் மாத்திரை போட்டு மாதக்கணக்கில் ஊதுவது, தாங்காமல் போனதும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு வருவது.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, சாவு வீடு என்று டிரம்பெட்டோடு போகிறவர். மேல்வரிசை முன்பல் ஒன்றில் இரண்டு மாதமாக வலி. "சும்மா இருந்தா ஒண்ணுமில்ல டீச்சர். மேல் சுரம் பிடிச்சா மண்டைக்கு ஏறுது. வீட்ல பிடுங்கிட்டு வரச் சொல்றாங்க, செலவும் கம்மி" என்றார். செலவு கம்மிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பள்ளியில் பேண்டு அறைச் சாவி பல வருஷம் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். உதட்டில் வட்டத் தழும்போடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருக்கிறது, அது அதிர்ந்து ஒலி வரும். டிரம்பெட்டில் சீவாளி கிடையாது. உதடுதான் சீவாளி. அந்த உதட்டுக்கு முன்னால் பித்தளை மவுத்பீஸ், பின்னால் முன்பற்கள். மேல் சுரம் வராதபோது கை தானாக டிரம்பெட்டை வாயோடு சேர்த்து அழுத்தும். அழுத்தம் உதட்டைத் தாண்டிப் பல்லில் போய் விழும். டிரம்பெட் மவுத்பீஸின் உள்வட்டம் 16, 17 மில்லிமீட்டர்தான். டியூபாவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் டிரம்பெட்காரர்களுக்கு ஒரு சில முன்பற்களிலேயே பாரம் இறங்கிவிடும்.

பல் எலும்பில் ஆணி மாதிரி அடித்து வைத்ததல்ல. நடுவில் மெல்லிய நார்த்திசு உண்டு, அதுதான் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. ஈறு நோய் வந்து பிடிப்புத் தளர்ந்தாலோ, சொத்தை நரம்பு வரை போய் வேர் நுனியில் சீழ் கட்டினாலோ, சும்மா இருக்கையில் தெரியாத வலி அழுத்தும்போது குத்தும். ஆகவே ஒரே பல் மட்டும் வலிக்கிறது, விரலால் தட்டினாலும் வலிக்கிறது என்றால் பல்லில் ஏதோ கோளாறு இருக்கக்கூடும். முன்பற்கள் எல்லாமே மந்தமாக வலித்து, இரண்டு நாள் ஓய்வில் சரியாகிறது என்றால் பெரும்பாலும் அழுத்திப் பிடிப்பதன் விளைவு. ஈறு இறங்கி வேர் தெரிந்தால் வாயால் மூச்சை இழுக்கும்போதே கூசும். சளி பிடித்த நேரத்தில் மேல் கடைவாய்ப்பற்கள் வலித்து, குனிந்தால் கூடுகிறது என்றால் அது சைனஸாகவும் இருக்கலாம். பல்லின் மேல் குற்றமே இருக்காது! இத்தனை காரணம் இருக்கையில், பிடுங்கிவிடலாம் என்று பார்க்காமலே எப்படி முடிவு செய்வது?

கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், நோயைத் தொடாது. சிலர் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறிலேயே வைத்து அடக்குகிறார்கள். தயவு செய்து வேண்டாம், ஈறு வெந்து புண்ணாகிவிடும்.

முன்பல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. சேட் பேக்கர் என்ற அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞரை 1966இல் கலிபோர்னியாவில் சிலர் அடித்துப் போட்டார்கள். பற்கள் சேதமாகி, பின்னால் பல்செட் கட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய வித்துவான், உதட்டைப் புதிதாகப் பழக்கி மறுபடி மேடைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. முகூர்த்த சீசனை நம்பியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு யார் அத்தனை வருஷம் சோறு போடுவது?

அந்த மாணவரிடம் மவுத்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். ஊதுகிறவர் என்று சொன்னால் மட்டும் போதாது, உதட்டில் வைத்து எங்கே அழுத்துகிறது என்று காட்ட வேண்டும். எக்ஸ்ரே பார்த்து, ரூட் கேனல் செய்து பல்லை வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்க வேண்டும். நாலு தடவை அலைய வேண்டி வரலாம். காசில்லை என்றால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மாவட்டப் பெரியாஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிடுங்கிய பிறகு டாக்டர் சொல்லும் வரை ஊதாதீர்கள். இரத்தக்கட்டு பெயர்ந்தால் படும் பாடு பல்வலியைவிட மோசம். இப்போது பல் நன்றாக இருப்பவர்கள் பற்களின் அச்சு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு பல் உடைந்தால் அதே அளவில் செய்ய உதவும்.

பேண்டு மாஸ்டர்களிடமும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. "அழுத்திப் பிடிடா, சத்தம் வரும்" என்று பிள்ளைகளை விரட்டுகிறார்கள். அழுத்தினால் உதட்டில் இரத்த ஓட்டம் குறையும், உதடு சீக்கிரம் சோர்ந்துபோகும், அப்புறம் இன்னும் அழுத்துவான். மூச்சிலும் உதட்டுத் தசையிலும் வர வேண்டிய பலத்தைக் கையில் தேடுவது என்ன பாடம்? கீழ் சுரங்களை நீட்டி மெதுவாக ஊதிப் பழக்கினால் தானே வரும், நாள் பிடிக்கும். சுதந்திர தின ஒத்திகை என்று ஒரு மாதத்தில் எல்லாம் வர வேண்டும் என்றால் பிள்ளையின் பல்தான் அதற்கு விலை.

பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்கள், கம்பி போட்ட டாக்டரிடமே அதற்கான மெழுகு கேட்டு வாங்குங்கள். ஊதுமுன் கம்பி மேல் ஒட்டிவிட்டால் உதடு கிழியாது. கம்பி இருக்கும் வரை டிரம்பெட்டுக்குப் பதில் பெரிய மவுத்பீஸ் உள்ள யூபோனியம் கொடுக்க முடியுமா என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.