சோற்றோடு பேச்சையும் ஊட்டுங்கள்

குழந்தைகள் நலப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் அண்மைக்காலமாக ஓர் அமைதி நிலவுகிறது. இரண்டு வயதுப் பிள்ளைகள் ஓடுவதில்லை, தூணைச் சுற்றுவதில்லை. மடியில் அமர்ந்து செல்பேசியைப் பார்க்கின்றன. இவ்வமைதியைக் கண்டு நான் மகிழ்வதில்லை.

இரண்டு வயதிற்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களிடையே இணைப்புகள் பெருகும் பருவம் இது. பயன்படும் இணைப்பு உறுதிப்படும். பயன்படாதது நலிந்து மறையும். குழந்தை மழலையில் ஒன்று சொல்ல, தாய் மறுமொழி கூற, அது மீண்டும் ஒலியெழுப்ப, இந்தக் கொடுக்கல் வாங்கலே அவற்றிற்கு உரம். திரை எவ்வளவு பேசினாலும் குழந்தையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவோடு பேசும் காணொளி அழைப்பை நான் இக்கணக்கில் சேர்ப்பதில்லை.

தனியாக வீட்டைச் சுமக்கும் தாயைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஊட்டும் வேளையிலாவது செல்பேசியை அப்புறப்படுத்துங்கள் என்பதே வேண்டுகோள்.

விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்கள் தேவையா என்று பலர் கேட்கின்றனர். தேவையில்லை. மட்டிப்பழத்தின் தோலைக் குழந்தையே உரிக்கட்டும். விரல்களுக்கு அது நல்ல பயிற்சி. தோவாளைப் பக்கம் பூக்கட்டும் வீடுகளில், பிச்சியையும் செவ்வந்தியையும் பிரித்துவைக்கச் சொன்னாலே நிறமும் வகையும் விளங்கும். (அரளி நஞ்சு; அது மட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.) 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி பசுவையும் காக்கையையும் கிளியையும் பாடி வைத்திருக்கிறார். நம் ஊர்ப் பாட்டிமார் பலருக்கு அவை இன்றும் மனப்பாடம்.

என்னை மிகவும் வருத்துவது, "அவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்ற ஆறுதல். அதை நம்பிக் காத்திருந்து நான்கு வயதில் வரும் பிள்ளைகளுக்கு இழந்த காலத்தை ஈடுசெய்வது கடினம். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிடினும், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராவிடினும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடினும் உடனே அழைத்து வாருங்கள். முதலில் செவித்திறனையே சோதிப்போம். அதில் வலியில்லை, பெரும்பாலும் குழந்தை உறங்கும்போதே முடிந்துவிடும்.