பேசு இங்கிலீஷ்: ‘டிரை ஷெர்ரி’ என்றால் காய்ந்த ஷெர்ரியா?

அகதா கிறிஸ்டி நாவல் படிப்பவர்களும் பழைய பிரிட்டிஷ் சீரியல் பார்ப்பவர்களும் ஷெர்ரியைச் சந்திக்காமல் தப்பிக்க முடியாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், விருந்தாளியின் கையில் சின்ன கிளாஸில் கொடுப்பார்களே, அதுதான். தெற்கு ஸ்பெயினில் ஹெரெஸ் என்ற ஊரைச் சுற்றி வெள்ளைத் திராட்சையில் தயாராகும் ஒயின். சாதாரண ஒயினைவிடக் காட்டமானது; ஆல்கஹால் பொதுவாக 15 சதவிகிதமும் அதற்கு மேலும் இருக்கும்.

ஊர்ப் பெயரைத்தான் ஆங்கிலேயர்கள் ‘ஷெரிஸ்’ என்றார்கள். கடைசியில் ‘ஸ்’ வருகிறதே, பன்மை போலிருக்கிறது என்று நினைத்து அதை வெட்ட, ‘ஷெர்ரி’ ஆகிவிட்டது. ஐஸ்க்ரீம் மேல் உட்கார்ந்திருக்கும் செர்ரிப் பழத்துக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் கிடையாது. ஆனால் பிரெஞ்சிலிருந்து வந்த அந்தப் பெயரும் இதேபோல வால் வெட்டப்பட்டதுதான்!

மது உடல்நலத்துக்குக் கேடு. எனவே, இங்கே வார்த்தைகள் மட்டுமே பரிமாறப்படும்.

‘டிரை ஷெர்ரி’ என்பதை ‘உலர்ந்த ஷெர்ரி’ என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல். ஒயின் விஷயத்தில் ‘டிரை’ என்றால் இனிப்பில்லாதது. துளிகூட இனிப்பில்லை என்றால் ‘போன் டிரை’. எலும்பைத் தேட வேண்டாம். இனிப்பானது ‘ஸ்வீட் ஷெர்ரி’. ‘கிரீம் ஷெர்ரி’யில் பாலும் இல்லை, க்ரீமும் இல்லை, அதுவும் இனிப்பு வகைதான். நம் ஊர் ‘டிரை டே’ தனிக்கதை. அன்றைக்குக் கடையே திறக்காது.

அடுத்து வினைச்சொல். ‘டிரிங்க் எ ஷெர்ரி’ இலக்கணப்படி சரி. ஆனால் உபசரிக்கும்போது அப்படி யாரும் சொல்வதில்லை. ‘ஹாவ் எ ஷெர்ரி’ அல்லது ‘வுட் யூ லைக் எ ஷெர்ரி?’ என்பார்கள். கிளாஸைச் சொல்லவே வேண்டாம், ‘எ’ போதும். நாம் டீக்கடையில் ‘ரெண்டு டீ’ என்பதில்லையா, அதே கணக்கு. ‘ஜஸ்ட் எ டிராப்’ என்று பதில் வந்தால், ஒரே ஒரு சொட்டு ஊற்றி நீட்டிவிடாதீர்கள். ‘கொஞ்சமா போதும்’ என்கிற அடக்கம் அது. குடிப்பதற்கு ‘சிப்’தான் பொருத்தம். நாவலில் ஒரு பாத்திரம் ஷெர்ரியை ‘கல்ப்’ செய்தால், அதாவது மடமடவென விழுங்கினால், ஏதோ பதற்றத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி வருவது ஒருவரின் மானப் பிரச்னை! ‘ஷீ லைக்ஸ் எ ஷெர்ரி’ என்றால், அந்த அம்மாவுக்கு ஷெர்ரி பிடிக்கும், அவ்வளவுதான். ‘ஷீ லைக்ஸ் எ டிரிங்க்’ என்று சொல்லிவிட்டாலோ, கொஞ்சம் அதிகமாகவே குடிப்பார் என்ற மறைமுகப் பேச்சாகிவிடும். வெறும் ‘ஹீ டிரிங்க்ஸ்’ இன்னும் மோசம். தமிழிலும் ‘அவர் குடிப்பார்’ என்றால் என்ன குடிப்பார் என்று யாராவது கேட்கிறோமா? ‘ஷீ ஹாஸ் பீன் அட் த ஷெர்ரி’ என்பது, யாருக்கும் தெரியாமல் பாட்டிலைத் திறந்திருக்கிறார் என்ற கிண்டல். குறும்பு எல்லாம் அந்தக் குட்டி ‘அட்’டில் இருக்கிறது. ‘பூனை பாலில் வாய் வைத்திருக்கிறது’ என்போமே, அந்த வகை.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ லண்டன் போய், யாராவது ஷெர்ரி நீட்டினால் எப்படி மறுப்பது? ‘நோ’ என்று மொட்டையாகச் சொல்ல வேண்டாம். ‘நாட் ஃபார் மீ, தேங்க்ஸ்’ இதமாக இருக்கும். பழக்கமே இல்லை என்றால், ‘ஐ டோன்ட் டிரிங்க்’. மது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஜூஸ் கொண்டுவந்து தருவார்கள். ‘ஐ ஆம் நாட் டிரிங்கிங் டுநைட்’ என்றால் இன்று ராத்திரிக்கு மட்டும்தான் விடுமுறை. அடுத்த விருந்தில் கிளாஸ் மறுபடி உங்களைத் தேடி வரும்.