கடனாகப் போகும் பாடவேளை

"சித்திரம் படித்து எவன் உருப்பட்டான்?" என்று கேட்பவர்கள் எங்கும் உளர். வன்னியிலிருந்து இக்கேள்வி எழும்போதுதான் நாம் துணுக்குறுகிறோம்.

தரம் 6 முதற் கொண்டே சித்திரம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நேரசூசியிலும் இருக்கிறது. ஆயினும் சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் பல பாடசாலைகளில் அந்தப் பாடவேளையும் கணிதத்துக்குக் கடனாகப் போய்விடுகிறது. கடன் திரும்பி வந்ததை நாம் கண்டதில்லை. கணித ஆசிரியரை நோவதிற் பயனில்லை. பெறுபேற்றுப் பட்டியலைக் காட்டி அவரை விரட்டுபவர்கள் மேலே இருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுபவை. பிள்ளை எப்படியாவது கரையேற வேண்டும் என்ற பெற்றோரின் தவிப்பை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் அத்தவிப்பைச் சாட்டாக வைத்து ஏழைப் பிள்ளையின் கண்ணைக் கட்டுவது எந்த நியாயம்?

சித்திர ஆசிரியரால் ஆவதென்ன என்று கேட்போர் யாழ்ப்பாணத்து வரலாற்றைச் சற்றுப் புரட்டட்டும். சித்திரக் கல்வியின் பிரதம பரிசோதகராக இருந்த வின்சரின் பெயரால் 1938இல் அங்கே ஓர் ஓவியக் கழகம் எழுந்தது. அதைத் தொடக்கியவர் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை. ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் பெயரைக் கலைஞர்கள் தாமாக விரும்பிச் சூடிக்கொள்வது நாம் அடிக்கடி காணும் காட்சியன்று!

பின்னர் வந்தவர் அ. மாற்கு. 1933இற் பிறந்து 2000இல் மறைந்த இவ்வாசிரியர் விடுமுறை நாட்களையும் மாணவருக்கே கொடுத்தார். 1987இல் அவரைக் கௌரவித்து வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரில் மாணவரின் உழைப்பு இருந்தது. அவருடைய ஓவியங்களிற் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்தன. மாணவர்களோ எஞ்சினர். வாசுகி மட்டக்களப்பிலே பெண்களின் துயரையும் வலிமையையும் தீட்டினார். வன்னியில் வாழ்ந்த நிலாந்தன் தூரிகையோடு பேனாவையும் எடுத்து 'வன்னி மான்மியம்' எழுதினார். ஆசிரியர் கற்பித்தது வர்ணம் பூச மட்டுமன்று என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

வன்னி மக்கள் இடம்பெயர்தலை அறிந்தவர்கள். 2008இலும் 2009இலும் உழவு இயந்திரத்தில் ஏற்றிய தட்டுமுட்டுகளை வழியெங்கும் இறக்கிவிட்டுப் போனார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் பிள்ளைகள் தறப்பாளின் கீழ் வாழ்ந்தார்கள். அம்முகாம் மூடப்பட்டது 2012இல். வீடும் புத்தகமும் பறிபோன அந்நாட்களில் பார்க்கக் கற்ற கண்ணை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை.

எல்லாச் சித்திர ஆசிரியர்களும் மாற்குகள் என்று நாம் சாதிக்க வரவில்லை. பொங்கல், சந்தை, பஸ் தரிப்பிடம் எனப் பரீட்சைக்கு மூன்று காட்சிகளை மனனஞ் செய்விப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்ற பிள்ளையின் தாளில் இரு மலைகளுக்கிடையே சூரியன் உதிக்கிறது. வன்னியில் மலை ஏது? இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் நீரும் வயலும் காடுமல்லவா தெரிகின்றன! அப்பிள்ளையை ஒருநாள் அக்கட்டின்மேல் நிறுத்தி, "நீ காண்பதை வரை" என்று சொல்லும் ஆசிரியர் போதும். இனி அது அச்சடித்த சூரியனை நம்பாது. பிறர் வரைந்து நீட்டும் வேறு படங்களையும் எளிதில் நம்பிவிடாது. அதிகாரத்தில் இருப்போருக்குச் சித்திரம் வீண் பாடமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமோ என நாம் ஐயுறுகிறோம்.

பணம் படைத்தோரின் பிள்ளைக்குக் கொழும்பிலே தனியார் வகுப்புண்டு, கண்காட்சிகளுண்டு. முத்தையன்கட்டுக் கூலி விவசாயியின் பிள்ளைக்கு வாரத்தில் அந்தச் சில பாடவேளைகள்தாம் உண்டு. அவற்றையும் கடனாக எடுப்பவர்கள் அடுத்த தவணைக்கான நேரசூசியை எழுதுமுன், எப்போது திருப்பித் தருவார்கள் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லட்டும்.