கிருமி ஆராய்ச்சியும் வன்முறை ஆராய்ச்சியும்

காலரா நோய் ஓர் ஊரில் தோன்றியதும் சுகாதார உத்தியோகஸ்தர்கள் மூன்று கேள்விகளை எழுப்புவது வழக்கம். நோய் முதலில் எவ்விடத்தில் கண்டது? எவ்வழியாகப் பரவுகிறது? எங்கே தடுத்தால் நிற்கும்? அதே ஊரில் அடிதடியும் கத்திக்குத்தும் மிகுமாயின் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: குற்றவாளி யார்? அக்கேள்வி இன்றியமையாதது, அதனை விடுத்து நீதி நடைபெறாது. ஆயினும் அதனோடு நின்றுவிடும் சமூகம், நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு, நோய் புறப்பட்ட கிணற்றை எட்டியும் பாராத வைத்தியரை ஒத்ததாகும். நோய்க் கிருமிகளை ஆராயும் பல்கலைக் கழகங்கள் வன்முறையையும் அதே ஒழுங்குடன் ஆராய்தல் வேண்டும் என்னும் கொள்கை உலகில் வலுப்பெற்று வருகிறது. 1996-ஆம் ஆண்டில் கூடிய உலகச் சுகாதார மகாசபை, வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்றே தீர்மானித்தது. இக்கொள்கை நம் நாட்டிற்கு எவ்வளவு பொருந்தும் என்பது சிந்தித்தற்குரியது.

கிருமி ஆராய்ச்சியின் பயனை உணர்த்தக் கல்கத்தாவின் வரலாறு ஒன்றே போதும். 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் அந்நகரில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அக்கிருமி மனிதனை எவ்வாறு மாய்க்கிறது என்பது பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது. கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றிய பேராசிரியர் சம்புநாத் தே, முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். அப்பகுதியில் நீர் நிரம்பிற்று. இம்முறை 1953-இல் வெளியாயிற்று. கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய திரவமும் அதே விளைவைத் தந்ததை 1959-இல் அவர் மெய்ப்பித்தார். கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது.

குடல் சிதைவதில்லை, சர்க்கரையையும் உப்பையும் சேர்த்துப் புகட்டினால் அது நீரை ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் தெளிந்தனர். 1971-ஆம் ஆண்டில் வங்காள எல்லையிலுள்ள பொன்காவ் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கினார். அங்கே நோயுற்றவர்களுள் சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. முயலின் குடலைக் கட்டிய ஒரு சாமானியச் சோதனைக்கும், ஒரு பிடி சர்க்கரையால் உயிர் தப்பிய குழந்தைக்கும் உள்ள தொடர்பு இதுவே. எனினும், 1985-இல் மறைந்த சம்புநாத் தே தம் வாழ்நாளில் தாய்நாட்டில் உரிய கௌரவத்தைப் பெறவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இதே வழியில் வன்முறையை அணுகியவர்களுள் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஜோனதன் ஷெப்பர்டு முக்கியமானவர். அவர் குற்றவியல் அறிஞர் அல்லர். உடைந்த தாடைகளைச் சீர்செய்யும் அறுவை வைத்தியர். தாக்கப்பட்டு மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோரைப் பற்றிப் போலீசாருக்கு யாதொரு தகவலும் இல்லை என்பதை அவர் கண்டார். சம்பவம் நிகழ்ந்த இடம், நேரம், பயன்பட்ட ஆயுதம் ஆகியவற்றை மருத்துவமனைக் குமாஸ்தாக்கள் குறித்துக்கொண்டனர். பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்டு அவ்விவரங்கள் போலீசாருக்கும் நகராட்சிக்கும் அளிக்கப்பட்டன. எந்தத் தெருவில், எந்த மதுக்கடையில், எந்த இரவில் காயங்கள் மிகுகின்றன என்பது புலனாயிற்று. காவலும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. ஒத்த பிற நகரங்களோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான ஆய்வின்படி, வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் வீதம் அங்கே சுமார் 42 சதவீதம் குறைவாயிருந்தது. போலீசார் பதிவு செய்த சிறு தாக்குதல்களோ கூடின. முன்பு மறைந்திருந்தவை வெளிப்பட்டமையே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. சோமாலியாவில் காலராவையும், பின்னர் எய்ட்ஸ் நோயையும் எதிர்த்துப் பணியாற்றிய டாக்டர் கேரி ஸ்லட்கின், இல்லினாய் பல்கலைக் கழகத்தின் சார்பில் 2000-ஆம் ஆண்டில் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஒரு கொலை பழிக்குப் பழியாக மறு கொலையை ஈன்றெடுப்பது தொற்றுநோயின் போக்கை ஒத்தது என்பது அவர் துணிபு. ஆகவே அப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, மக்களின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்கள் பகைவர்களிடையே சென்று சமாதானம் பேச நியமிக்கப்பட்டனர். இத்திட்டம் சில இடங்களில் நற்பலன் தந்தது; சில இடங்களில் தரவில்லை. இதனை மறைக்க வேண்டுவதில்லை. பலன் தராத மருந்தையும் பதிவு செய்வதே விஞ்ஞானத்தின் பண்பு.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. கிருமிக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு. கை ஓங்குபவனை நோயாளி என்றழைத்தால் அவன் பொறுப்பு எங்கே போயிற்று? அன்றியும், ஒரு சேரியையோ ஒரு வகுப்பாரையோ நோய் பரப்புவோர் என முத்திரையிடும் அபாயமும் இதில் உண்டு. இந்த ஆட்சேபம் நியாயமானதே. தந்தை தாயை அடிக்கக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அனைவரும் அடிப்பவராவதில்லை. ஆபத்து மிகுதி என்பது வேறு, விதி என்பது வேறு. எனவே நோய் என்னும் உவமையை அளவுக்கு மீறி நீட்டாமல், எண்ணுதல், காரணம் தேடுதல், தடுத்துப் பார்த்துப் பலனை அளத்தல் என்னும் முறையை மட்டுமே கடன் பெறுதல் தகும்.

நம் நாட்டில் இதற்கான கருவி ஏற்கெனவே உள்ளது. அரசாங்க மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேட்டில் காயங்கள் குறிக்கப்படுகின்றன. நீதிமன்றத்தில் சாட்சியமாவதோடு அவற்றின் பணி முடிந்துவிடலாகாது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையம் காயங்களைக் கண்காணிப்பதில் பெற்ற அனுபவம் பிறருக்கு வழிகாட்டும். மருத்துவக் கல்லூரியும், அதே பல்கலைக் கழகத்தின் சமூகவியல் துறையும், புள்ளியியல் துறையும் ஒன்றுகூடி ஒரு நகரத்திலேனும் இதனைத் தொடங்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை இன்றியமையாதது. வீட்டில் அடிபட்டு வரும் பெண் மாடிப்படியில் தவறி விழுந்ததாகவே பலமுறை சொல்கிறாள். தான் சொல்லும் உண்மை தன் பெயரோடு வெளியே செல்லும் என அவள் அஞ்சினால், படி தடுக்கிற்று என்பதே என்றும் பதிவாகும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பைத் தருகிறது. அப்பாதுகாப்பைக் குலைக்கும் ஆராய்ச்சி, ஆராய்ச்சி ஆகாது. பெயரை நீக்கிய பின்னரே ஏடு மருத்துவமனையை விட்டு வெளியேற வேண்டும். அவள் வேண்டும் உதவியோ அவ்விடத்திலேயே கிட்ட வேண்டும்.

காலராவை ஊழ்வினை என எண்ணிக் கைகட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. பொறுமையான ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை அகற்றிற்று. மனிதர் அடித்துக்கொள்வது உலக இயற்கை என்று கூறி வாளாவிருப்பதும் அதனை ஒத்ததே. அவ்வெண்ணத்தை அகற்றும் கடமை பல்கலைக் கழகங்களைச் சார்ந்தது. அதற்கு வேண்டும் பொருளையும், சம்புநாத் தே பெறாத ஆதரவையும் உரிய காலத்தில் அளித்தல் அரசாங்கத்தின் கடமையாகும்.